தம்பி வீட்டுக்குப் போன மூட்டை

பிப்ரவரி 11

தம்பிக்கு,

நான்கு நாளாக நீ போன் செய்துகொண்டே இருக்கிறாய். நானும் எடுக்காமலே இருக்கிறேன். உன் மாமா, "பாவம், எடுத்துப் பேசித் தொலையேன்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். எடுக்க மாட்டேன். உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன். நீ "அக்கா, கேளேன்" என்று ஆரம்பித்தால் கடைசியில் நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு வைப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் இனி எதுவானாலும் எழுது. எழுதித்தானே எங்களைக் கவிழ்த்தாய்.

நேற்று மூன்றாவது முறையாகக் கொள்முதல் நிலையத்துக்குக் கிழங்கு ஏற்றிக்கொண்டு போய், பாதியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தோம். அங்கே மேசைமேல் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வளையம் வைத்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கை அதில் வைக்கிறார்கள். மேலே நின்றால் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே விழுந்தால் தள்ளிவிடுவார்கள். எங்கள் கிழங்கு பொத்துப் பொத்தென்று விழுகிறது. வளையம் பிடிக்கிற பெண் நல்லவள். ஒவ்வொன்று விழும்போதும் "சாரிக்கா" என்கிறாள். நேற்று மட்டும் ஆயிரம் சாரி சொல்லியிருப்பாள்.

அந்த வளையம் என் வளையலைவிட ஒரு நூல் சின்னது. அதனால் இப்போது ஊரில் பெண்கள் எல்லாரும் கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றிவைத்துக்கொண்டு குவியல் முன்னால் உட்காருகிறோம். வளையலில் நின்றால் ஒரு பக்கம், விழுந்தால் இன்னொரு பக்கம். விழுகிற பக்கம்தான் எப்போதும் உயரமாக இருக்கிறது.

முன்பு மண்டி இருந்தது. கமிஷன்காரர் திருடர்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. எடையில் திருடினார், விலையில் திருடினார். ஆனால் பெரிசு பொடிசு எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டச் சொல்லி எடுத்துக்கொண்டார். "திருப்பி எடுத்துட்டுப் போ" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. உங்கள் துறை போட்ட சட்டம் வந்தது. யார் வேண்டுமானாலும் விவசாயியிடம் நேராக வாங்கலாம் என்றது. கம்பெனி வந்தது. மண்டிக்குச் சரக்கு நின்றது. கமிஷன்காரர் கடையைச் சாத்திக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட்டார். மண்டிக் கட்டடத்தில் இப்போது டைல்ஸ் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நேராக வாங்க ஊரில் மிஞ்சியது அந்த ஒரே கம்பெனி.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். விசில் அண்ணனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நமக்குக் கீழ் வயல்காரர், வேலை செய்யும்போது வாயில் விசில் ஓயாதே, அவர்தான். அவரைக்காயும் சோளமும் பாதிப் பாதி போட்டுக்கொண்டு அவர்பாட்டுக்கு இருந்தார். கம்பெனி ஒப்பந்தம் வந்தபோது கையெழுத்துப் போடலாமா என்று என்னிடம்தான் வந்து கேட்டார். "தாராளமா போடுங்கண்ணே, என் தம்பி எழுதுன சட்டம்" என்றேன். மூன்று ஏக்கரும் உருளை போட்டார். நேற்று அவர் வண்டியில் முக்கால்வாசி திரும்பி வந்தது. வழியெல்லாம் விசிலே இல்லை. என்னைத் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்துகொள் என்றுதான் எழுதினேன்.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். கோபத்திலும் உன் கையெழுத்து அச்சுப்போல இருக்கிறது. எனக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை.

முதலில் ஒன்று. சட்டத்தை நான் எழுதவில்லை. அது பெரிய இடத்து வேலை. அதன் கீழ் வரும் தர விதிகள் நான்கு பக்கம், அவ்வளவுதான் என்னுடையது. அதையும் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. அப்பா அந்தக் கமிஷன்காரர் முன்னால் கைகட்டி நின்றது உனக்கு மறந்துவிட்டதா? கிழங்கைக் காலால் புரட்டிப் பார்த்துவிட்டு, "ம், கொட்டு" என்பார். என்ன தரம், என்ன விலை, எல்லாம் அவர் வாயில் வந்ததுதான். ஓர் அளவு இருந்தால் யாரும் யார் வாயையும் பார்த்து நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அந்த வளையத்தின் ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் என்பது வானத்திலிருந்து குதித்த எண் அல்ல. நாற்பது வயல்களில் மாதிரி எடுத்து அளந்ததில் சராசரி எழுபது வந்தது. விவசாயிக்குச் சாதகமாக நன்றாகக் குறைத்துத்தான் ஐம்பத்தைந்து வைத்தோம். உங்களுக்கு இவ்வளவு விழுகிறது என்றால் வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும். வரிசையை நெருக்கி நட்டுவிட்டீர்களோ? உரம் போதவில்லையோ? மாமாவைக் கேட்டுப் பார்.

குறை தீர்க்கும் விண்ணப்பம் மூன்று பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். நிலைய மேலாளரிடம் கொடுத்தால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். விசில் அண்ணனையும் ஒன்று நிரப்பச் சொல்.

அன்புள்ள,
தம்பி

*

மார்ச் 2

தம்பிக்கு,

உரம் போதவில்லையோ என்று கேட்டாய். அதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். முப்பது வருடமாக மண்ணில் கிடக்கிற மனுஷன். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். மாட்டுக்கு ஏற்கெனவே காட்டியாயிற்று.

உன் விண்ணப்பத்தையும் விடவில்லை. நிரப்பி எடுத்துக்கொண்டு போனேன். மேலாளர் வாங்கிப் படித்துவிட்டு, "நாங்க என்னம்மா பண்றது, உங்க ஆளுங்க போட்ட அளவுதானே" என்று உன் நான்கு பக்கத்தையும் எடுத்துக் கையில் கொடுத்தார். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி முழுக்கப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. மாதிரி எடுத்த வயல்கள் நாற்பது. எடுத்த ஊர், நம் ஊர்.

தம்பி, நம் ஊரில் மொத்தம் முப்பத்தோரு வயல்தான்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டேன். யாராவது அளவுகோலோடு வந்தார்களா, கிழங்கு கேட்டார்களா என்று. ஒரு ஈ காக்காய் வரவில்லை என்கிறார்கள். விசில் அண்ணனிடமும் கேட்டேன். "யாரும்மா வந்து அளக்குறது, நம்ம வயலுக்கு எலிதான் வரும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவர் கொட்டகையில் தள்ளுபடியான கிழங்கு இடுப்பு உயரத்துக்குக் கிடக்கிறது, முளைவிட ஆரம்பித்துவிட்டது. செங்கல் சூளைக்காரர் இரண்டு முறை வந்து வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

பூசி மெழுகாமல் சொல். எந்த நாற்பது வயல்?

அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

நாற்பது வயல் இல்லை. ஒரு வயல். உன் வயல். ஒரே ஒரு மூட்டை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், "ஒரு மூட்டைக் கிழங்கு லாரியில் போட்டு விடேன்" என்று போனில் கேட்டேனே, நினைவிருக்கிறதா? நாற்பது ஊருக்குப் போய் அளக்க வேண்டிய வேலை அது. ஜீப் தருகிறேன் என்றார்கள், தரவில்லை. பிறகு மழை. பிறகு, வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை மேசைக்கு வர வேண்டும் என்றார்கள். வெறுங்கையோடு போக எனக்கு மனமில்லை. விவசாயி வீட்டுப் பிள்ளை, இவனுக்குத்தான் விஷயம் தெரியும் என்று எல்லார் முன்னாலும் சொல்லி என்னிடம் கொடுத்த வேலை.

உன் மூட்டை வந்தது. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் லேத் பட்டறையிலிருந்து தடிமன் அளக்கிற வெர்னியர் ஒன்று இரவல் வாங்கினேன். மூன்றாம் மாடியில் ஜன்னலோர மேசையில் செய்தித்தாளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு மூட்டைக்குள் கைவிட்டு நாற்பது கிழங்கு எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததால் அது நேர்மையான மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாதிரி எண் ஒன்று, இரண்டு என்று நாற்பது வரை எழுதினேன். தட்டச்சு செய்யும்போது 'நாற்பது கிழங்கு' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'நாற்பது வயல்' என்று அடித்தேன். தவறிப்போய் அடித்தேன் என்று சொல்ல ஆசைதான். தெரிந்துதான் அடித்தேன். ஊர்ப்பெயர் கேட்ட கட்டத்தில் நம் ஊரைப் போட்டேன். அதிலாவது பொய் வேண்டாம் என்று தோன்றியது. என்ன நியாயம் பார்!

அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. நீ ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப் போனாய்.

அளப்பதற்கு என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நூறு கேள்வி கேட்பாய் என்று சொல்லவில்லை. இப்போது ஒன்றுதான் உறுத்துகிறது. அந்த மூட்டையில் ஒன்றுகூடச் சின்னதில்லை, அக்கா. அது எப்படி?

தம்பி

*

மார்ச் 24

தம்பி,

எப்படி என்றா கேட்கிறாய்? நான்தான். என் கைதான்.

தம்பி கேட்டிருக்கிறான், ஆபீஸில் நாலு பேருக்குக் கொடுப்பான், நம் வயல் கிழங்கு நல்லவர்கள் கண்ணில் படும் என்று எண்பது மூட்டைக் குவியலின் முன்னால் இரண்டு நாள் உட்கார்ந்து பொறுக்கினேன். ஒவ்வொன்றாக மண்ணைத் துணியால் துடைத்தேன். கீறல் பட்டது, வெட்டுப் பட்டது ஒன்றுகூட உள்ளே போகவில்லை. உன் மாமா, "என்ன, கிழங்கைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேலி செய்தார். கூடப்பிறந்தவன் வீட்டுக்கு யாராவது பொடிசை அனுப்புவார்களா?

அந்த இரண்டு நாள் என் கை தள்ளிவிட்ட கிழங்கைத்தான் இந்த வருடம் அந்த மஞ்சள் வளையம் தள்ளிவிடுகிறது. விசில் அண்ணனைக் கையெழுத்துப் போடச் சொன்னதும் நான், அவர் கிழங்கைக் கழித்ததும் நான். அந்த மனுஷனுக்கு நான் என்ன செய்தேன் என்று அவருக்கே தெரியாது.

ஆனால் உன்னை விட்டுவிட மாட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்கப்போகிறேன். நீ எந்த வீட்டில் வளர்ந்தாய்? உன் தட்டில் என்றைக்காவது பெரிய கிழங்கைப் பார்த்திருக்கிறாயா? கோலிக்குண்டு மாதிரி இருந்ததெல்லாம்தானே நமக்கு? அம்மா தோலோடு அவித்துக் கொட்டுவாள். யாருக்கு ரொம்பப் பொடிசு வந்தது என்று நீயும் நானும் போட்டி போடுவோம். தோற்றவர் பாத்திரம் தேய்க்க வேண்டும். நீ சட்டைப் பையில் ஒரு பட்டாணி அளவுக் கிழங்கை ஒளித்துவைத்திருந்து ஜெயித்தாயே, படுபாவி. அத்தனை பொடிசைத் தின்று வளர்ந்தவனுக்கு, ஒரு மூட்டையில் ஒன்றுகூடப் பொடிசு இல்லை என்றால் அன்றைக்கே சந்தேகம் வர வேண்டாமா? எனக்காவது நீ அளப்பாய் என்று தெரியாது. உனக்கு எல்லாம் தெரியும்.

இப்போது அவசரம். விசில் அண்ணன் வயலைச் சூளைக்காரருக்கு விற்கச் சரி என்று சொல்லிவிட்டார். மார்ச் 30 பத்திரம். அடுத்த நடவுக்கு விதைக்கிழங்கு வாங்க வழியில்லை என்கிறார். அளவு மாறப்போகிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவர் நிறுத்திக்கொள்வார், எனக்குத் தெரியும். நான் சொன்னால் நம்ப மாட்டார். ஒரு தடவை நம்பிப் பட்டது போதும். நீ சொல்ல வேண்டும். நீ செய்ததை மேலே எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கு போன் செய். இந்த ஒரு முறை எடுக்கிறேன். முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

நான் போன் செய்யவில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் 27ஆம் தேதி வந்தது. மூன்று நாள் இருந்தது. உன் எண்ணைப் போட்டு, மணி அடிப்பதற்கு முன்னால் வைத்துவிட்டேன். இரண்டு முறை அப்படி. மூன்றாம் முறை போடவே இல்லை. உன்னிடம் சொல்லிவிட்டால் மேலே எழுதியே ஆக வேண்டும். எழுதினால் வேலை போகும். மகள் படிப்பு, வீட்டு வாடகை, பக்கத்து மேசைக்காரரின் முகம், எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். விசில் அண்ணனை நினைக்காமல் இருக்க வேண்டும் என்றே மற்றதையெல்லாம் நினைத்தேன். 30ஆம் தேதி மாலை ஐந்து மணி, பத்திர ஆபீஸ் மூடும் நேரம் ஆனபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. இனி அவசரமில்லை என்று. இதை யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம் சொல்கிறேன்.

ஏப்ரல் முதல் தேதி ஏதோ தேடும்போது மேசை இழுப்பறையில் அந்த வெர்னியர் கிடைத்தது. இரண்டு வருடமாகத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கீழே கொண்டுபோனேன். லேத்காரர் சிரித்தார். "நான் அப்பவே வேற வாங்கிட்டேன் சார். ஆமா, அன்னிக்கு எத்தனை மூட்டை அளந்தீங்க?" என்றார். ஒன்று என்றேன். "ஒண்ணா? நாங்க ஒரு கம்பியை அளக்கவே மூணு இடத்துல வெச்சுப் பார்ப்போமே சார்" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். நான் படியேறி வந்து உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. பிரதி இத்துடன் இருக்கிறது.

இயக்குநர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இதை எழுதலேன்னா யாருக்கய்யா தெரியப்போவுது?" என்று கேட்டார். "என் அக்காவுக்குத் தெரியும் சார்" என்றேன்.

விசாரணை முடியும்வரை நான் அலுவலகத்துக்கு வர வேண்டாம். அளவை நிறுத்திவைத்திருக்கிறார்கள். நாற்பது ஊருக்கும் ஆள் போய் அளக்கப்போகிறார்கள், இந்தத் தடவை ஜீப்போடு. அநேகமாக நாற்பது மில்லிமீட்டருக்கு இறங்கும். அடுத்த அறுவடைக்கு உங்கள் கிழங்கு நிற்கும். விசில் அண்ணனுக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று தெரியும். அந்த மூன்று நாளை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒரு மூட்டைக் கிழங்கு அனுப்பு. அளக்க இல்லை, வீட்டுக்குத்தான். பொறுக்காதே. மண்ணிலிருந்து வந்தபடி அள்ளிப் போடு. என் மகளுக்கு அந்தப் பொடிசு எதுவும் தெரியாது.

தம்பி

*

ஏப்ரல் 17

தம்பிக்கு,

இந்தக் கடிதம் மூட்டைக்குள்ளேயே இருக்கிறது. பழைய லாரிக்காரர்தான் கொண்டுவருகிறார்.

உன் அரைப் பக்கத்தைப் படித்தேன். மாமாவும் படித்தார். "வேலை போனா இங்க வரச் சொல்லு, உரம் போடக் கத்துக்குடுக்கறேன்" என்றார். அவர் கோபம் அவ்வளவுதான். என் கோபம் போகவில்லை. 27, 28, 29 என்று மூன்று நாளும் போனை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கறவைக்குப் போனபோதும் இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். அது எனக்கு எப்போது ஆறும் என்று தெரியவில்லை.

நீ சொன்னபடி பொறுக்காமல்தான் அள்ளினேன். லேசான வேலை இல்லை. கை தானாகவே பொடிசைத் தள்ளப் போகிறது. இழுத்து இழுத்துப் போட்டேன். மூட்டை முக்கால் நிரம்பியது. நாங்கள் கடைசியாகத் தோண்டிய குவியல் அதோடு தீர்ந்தது.

விசில் அண்ணன் வயல் ஓரத்தில் தோண்டாமல் விட்ட நாலு வரிசை இருந்தது. மண் எடுக்க வருவதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சூளைக்காரர் சொல்லியிருந்தார். அன்று காலை அவர் அதைத்தான் தோண்டிக்கொண்டிருந்தார். நான் கூடையோடு போய், "அண்ணே, கால் மூட்டை குறையுது, தம்பிக்கு அனுப்பணும்" என்றேன். அவர் மண்வெட்டியை வைத்துவிட்டுக் குந்திக்கொண்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, பெரிதாக இருந்ததை மட்டும் என் கூடையில் போட்டார். வேட்டி நுனியால் மண்ணைத் துடைத்துத் துடைத்துப் போட்டார்.

"பொறுக்காதீங்கண்ணே, வந்தபடி அள்ளிப் போடுங்க" என்றேன்.

"அட, தம்பி வீட்டுக்குப் போறதும்மா" என்றார். "பொடிசையா அனுப்புவாங்க?"

அப்புறமும் அவர் நிறுத்தவில்லை. அந்த அளவு எந்த மூட்டையிலிருந்து வந்தது என்பதை அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் விசிலடிக்க ஆரம்பித்தார். பிப்ரவரிக்குப் பிறகு நான் அதைக் கேட்கவே இல்லை. என்னால் முடியவில்லை. நானும் உன் அக்காதானே.

மூட்டையில் மேலே இருப்பது அவர் கொடுத்தது. அடியில் இருப்பது நம்முடையது. அடியில் இருப்பதை உன் மகளுக்குத் தோலோடு அவித்துக் கொடு, போட்டியையும் சொல்லிக் கொடு. மேலே இருப்பதைத் தனியாக எடுத்து வை. உனக்குத்தான் இப்போது ஆபீஸ் இல்லையே, அடுத்த வாரமே புறப்பட்டு வா. இரண்டு பேருமாகப் போய் அவரிடம் சொல்வோம். அதுவரை அதில் ஒன்றைக்கூடச் சமைக்காதே.

அக்கா